யாக்கோபின் இடுப்பும் நம் அன்பியமும்



நம் கொங்கு மண்ணில் யாரைப் பார்த்து “உடம்பு எப்படீங்க இருக்கு?” என்று கேட்டாலும் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “பரவால்லீங்க.” மரியாதையான சொல். பிறரைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த சொல். ஆனால் கடுமையான இடுப்பு வலியோடு வாழ்கிறவர்களுக்கு அது பல நேரங்களில் சாத்திய கதவாகிவிடுகிறது. இரவெல்லாம் ஒரு பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழித்துக் கிடக்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

இந்த வலி ஒருவரை எப்படித் தனிமைப்படுத்துகிறது என்று கவனித்துப் பார்ப்போம். முதலில் அவர் திருப்பலியில் முன்வரிசையை விட்டுப் பின்வரிசைக்குப் போகிறார். எல்லாரும் முழந்தாளிடும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. பிறகு அன்பியக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறார். அங்கே தரையில் பாய் விரித்துத்தானே உட்காருகிறோம்? பிறகு உறவுக்காரர் வீட்டுத் திருமணம், துக்கம் விசாரிப்பது, டவுன் பஸ் பயணம் எல்லாம் ஒவ்வொன்றாக நிற்கின்றன. ஒருநாள் ஞாயிறு திருப்பலிக்கும் அவர் வருவதில்லை. “அவங்க இப்பெல்லாம் கோவிலுக்கு வர்றதே இல்லை” என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கடந்த வாரங்களில் வானொலி வழியாக நாம் சேர்ந்து சிந்தித்தது இந்த வலியைப் பற்றியும், அதைத் தாங்குகிறவருக்கு யார் துணை என்பதைப் பற்றியும்தான். வாசிக்க விரும்புகிறவர்களுக்காக அதை இங்கே எழுத்தில் தருகிறோம்.

விவிலியம் மறக்காத ஓர் இடுப்பு

திருவிவிலியத்தில் இடுப்பு வலிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் நம் குலமுதுவர் யாக்கோபு. தொடக்கநூலின் 32ஆம் அதிகாரம் அவருடைய கதையைச் சொல்கிறது. இருபது ஆண்டுகள் மாமனார் லாபானிடம் உழைத்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புகிறார். அண்ணன் ஏசா நானூறு பேரோடு எதிரே வருகிறான் என்ற செய்தி கேட்டு நடுங்குகிறார். குடும்பத்தாரை யாப்போக்கு ஆற்றைக் கடக்கச் செய்துவிட்டு இரவில் தனியாக நிற்கிறார். அப்போது ஓர் ஆள் விடியும்வரை அவரோடு மற்போர் புரிகிறார். அந்தப் போராட்டத்தில் யாக்கோபின் தொடைச் சந்து இடம் பிசகுகிறது. ஆசி பெறாமல் உம்மைப் போகவிட மாட்டேன் என்று அவர் பிடியை விடாமல் நிற்கிறார். ஆசியும் கிடைக்கிறது, இஸ்ரயேல் என்ற புதுப் பெயரும் கிடைக்கிறது. ஆனால் கதிரவன் எழும்போது அவர் காலை இழுத்து இழுத்து நடந்து போகிறார்.

ஆசி பெற்றவர் நொண்டி நடக்கிறார்! இதை நாம் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கடவுள் ஆசி வழங்கினால் வலி போயிருக்க வேண்டும், வலி இருந்தால் ஆசி இல்லை என்று நாம் கணக்குப் போடுகிறோம். யாக்கோபின் வாழ்வில் ஆசியும் வலியும் ஒரே இரவில் வந்தன, ஒரே உடலில் தங்கின.

அடுத்து நடப்பதும் நமக்கு முக்கியம். மறுநாள் ஏசா ஓடி வந்து தம்பியைக் கட்டித் தழுவி அழுகிறார். “வா, சேர்ந்து போகலாம்” என்று அழைக்கிறார். யாக்கோபோ, அண்ணன் முன்னே போகட்டும், தான் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் நடக்கிற நடைக்கு ஏற்ப மெல்ல வருவதாகச் சொல்கிறார். பிறக்கும்போதே அண்ணனின் குதிகாலைப் பிடித்து முந்தப் பார்த்தவர் இவர். இப்போது சிறு பிள்ளைகளின் வேகத்தில் நடக்கச் சம்மதிக்கிறார். முடிவு நாள்களிலும் இவர் தம் ஊன்றுகோலின்மேல் சாய்ந்தபடி கடவுளைத் தொழுதார் என்று எபிரேயர் திருமுகம் 11ஆம் அதிகாரத்தில் நமக்குச் சொல்கிறது. கோலில் சாய்ந்து நின்று செய்த வழிபாடும் முழுமையான வழிபாடுதான்.

இந்த நிகழ்ச்சியின் கடைசி வரியை நாம் வழக்கமாகக் கவனிப்பதில்லை. யாக்கோபின் தொடைச் சந்தில் அடி விழுந்ததால், இஸ்ரயேல் மக்கள் விலங்குகளின் தொடைச் சந்தில் உள்ள நரம்புத் தசையை உண்பதில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. சமய ஒழுங்கைக் கடைப்பிடிக்கிற யூதர்கள் இன்றும் இதைக் காத்துவருகிறார்கள். இறைச்சி வெட்டும்போதே அந்த நரம்பை நீக்கிவிடுகிறார்கள். நினைத்துப் பாருங்கள். ஒரு மனிதரின் இடுப்பு வலியை ஒரு மக்களினமே தன் அடுப்படியில், தன் சாப்பாட்டுத் தட்டில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது. நம் அன்பியத்தில் யாருக்கு இடுப்பு வலி என்பதை நாம் ஒரு வாரமாவது நினைவில் வைத்திருக்கிறோமா?

இந்த வலி எங்கிருந்து வருகிறது?

நாம் “இடுப்புப் பிடிச்சுக்கிச்சு” என்று சொல்வது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியில் வருகிற வலி. அது முதுகெலும்பு, அதைச் சுற்றியுள்ள தசை, நரம்பு ஆகியவற்றிலிருந்து வருவது. இடுப்பு மூட்டு வேறு. தொடை எலும்பின் மேல்நுனி பந்துபோல் உருண்டிருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழலும். அந்த மூட்டு கெட்டால் வலி பெரும்பாலும் தொடையிடுக்கிலும் தொடையின் முன்பக்கத்திலும் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். முழங்காலுக்கே தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தைக் கடத்துகிறவர்களும் உண்டு. செருப்பு மாட்டவும், குத்தவைத்து உட்காரவும், பஸ் படியில் காலைத் தூக்கி வைக்கவும் சிரமப்பட்டால் இடுப்பு மூட்டையும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

காரணங்கள் பல. வயதாகும்போது மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது. பல ஆண்டுகள் பளு தூக்கியவர்களுக்கு இந்தத் தேய்மானம் கூடுதலாக வர வாய்ப்புண்டு. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனில் ஷிப்ட் முழுவதும் நிற்கிறவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் பண்டல் சுமக்கிறவர்கள், கோவைப் பட்டறைகளில் இரும்பு தூக்குகிறவர்கள் எல்லாம் வலியைப் பொறுத்துக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போய்விடும். இன்னொரு காரணம், எலும்பின் பந்துப் பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்து அந்த எலும்பே செத்துப்போவது. முப்பது, நாற்பது வயதிலேயே இது வரும். நீண்ட காலம் ஸ்டீராய்டு மருந்து எடுப்பதும் அளவுமீறிய மதுப்பழக்கமும் இதற்குத் தெரிந்த காரணங்கள். காரணமே தெரியாமலும் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருவருக்கு இந்த நோய் வந்ததும் “குடிச்சிருப்பான், வந்துருச்சு” என்று பேசுவது நமக்குத் தகாது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டதும் இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். இயேசு அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை என்பதை யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். வலியில் இருப்பவருக்கு நம்மிடமிருந்து தீர்ப்பு வேண்டாம், கை வேண்டும்.

முதியவர்களுக்கு வருவது பெரும்பாலும் விழுந்து எலும்பு முறிவது. ஈரமான குளியலறை, இரவில் விளக்குப் போடாமல் எழுந்து போவது, வாசற்படி. விழுந்தபின் எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது என்றால் அது இடுப்பு முறிவாக இருக்கலாம். நீவிவிடக் கூடாது, நடக்க வைத்துப் பார்க்கக் கூடாது, கட்டுப் போடுகிற இடத்துக்கும் தூக்கிப் போகக் கூடாது. 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த முறிவுக்குக் கூடிய விரைவில் அறுவை சிகிச்சை செய்தால்தான் முதியவர் படுத்த படுக்கையாகாமல் எழுந்து நடக்க வழி உண்டு. இடுப்பு வலியோடு காய்ச்சல் இருந்தாலும், காலில் மரத்துப்போவதோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிலுவை என்று சொல்லிச் சும்மா இருக்கலாமா?

“ஆண்டவர் கொடுத்த சிலுவை, சுமக்கிறேன்” என்று சிகிச்சைக்கே போகாமல் இருக்கிற நல்ல உள்ளங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு புனிதரை நினைவூட்டுகிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா வந்தபோது சென்னைக்கும் வந்தார். அன்று அவரைப் பார்த்தவர்கள் நம் பங்குகளிலும் இருக்கலாம். திடமான உடலும் வேகமான நடையும் கொண்டவராக அவரை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 1994 ஏப்ரல் 28ஆம் நாள் இரவு, 73 வயதில், அவர் வத்திக்கானில் தம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது தொடை எலும்பு இடுப்பருகே முறிந்தது. திருத்தந்தையானாலும் வழுக்கியது அதே குளியலறைதான். மறுநாள் உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து செயற்கை உறுப்பு பொருத்தினார்கள். ஏறக்குறைய நான்கு வாரங்கள் அங்கேயே இருந்தார்.

தொழுநோயாளர்களின் தந்தை தமியானுக்கு அருளாளர் பட்டம் வழங்க அந்த மே மாதம் பெல்ஜியம் செல்லவேண்டியிருந்தார். அந்தப் பயணம் ஓராண்டு தள்ளிப்போய் 1995 ஜூனில்தான் நடந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், மே 29ஆம் நாள் மூவேளை செப உரையில் அவர் தம் மனத்தைத் திறந்தார். செபத்தாலும் திட்டங்களாலும் மட்டும் அல்ல, துன்பத்தாலும் திருச்சபையை வழிநடத்த வேண்டும் என்று தமக்குப் புரிந்ததாகச் சொன்னார். துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி 1984 பிப்ரவரி 11ஆம் நாளே திருத்தூது மடல் எழுதியவர் அவர். பத்து ஆண்டுகள் கழித்து அந்த மடலைத் தம் இடுப்பால் வாழ்ந்து காட்ட வேண்டியிருந்தது.

அவர் என்னென்ன செய்தார் என்று பார்ப்போம். துன்பத்தை ஒப்புக்கொடுத்தார், அதே நேரத்தில் அறுவை சிகிச்சைக்குத் தம் உடலையும் ஒப்படைத்தார். நடைப் பயிற்சி எடுத்தார். ஊன்றுகோலை உலகம் முழுவதும் பார்க்கும்படி பிடித்து நடந்தார். 1995 ஜனவரியில் மணிலாவில் உலக இளையோர் நாளுக்குப் போனபோது அதே கோலைச் சுழற்றி இளைஞர்களைச் சிரிக்க வைத்தார். 1999 நவம்பரில் மறுபடி இந்தியா வந்து புதுதில்லியில் ஆசியத் திருச்சபைக்கான மடலில் கையொப்பமிட்டபோது அவர் முதுமையும் நோயும் வெளிப்படையாகத் தெரிந்தவராக இருந்தார். நடக்க முடியாத பின்னாள்களில் சக்கரம் வைத்த மேடையில் பீடத்துக்கு வந்தார். மறைந்து கொள்ளவில்லை. அவர் புனிதரானது வலியை மறைத்ததால் அல்ல.

சிகிச்சை என்பது இறைவனின் கை மனிதக் கையில் வேலை செய்வது. இன்று பல்லாயிரம் பேரை நடக்க வைக்கிற இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை உருப்படியாக்கியவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி. அவர் முதலில் கிண்ணப் பகுதிக்குப் பயன்படுத்திய டெஃப்லான் சில ஆண்டுகளில் தேய்ந்துபோய் நோயாளிகளுக்குத் தொல்லை தந்தது. அவர்களுக்கு மறுபடி அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. உடலுக்குள் இந்தப் பொருள்கள் என்ன செய்கின்றன என்று அறிய அவற்றைத் தம் சொந்தத் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார் அவர். 1962 நவம்பரிலிருந்து அவர் பயன்படுத்திய கடினமான பாலிஎத்திலின் கிண்ணம்தான் வெற்றி கண்டது. பிறருடைய வலியைத் தன் சதையில் வாங்கிப் பார்த்த ஒரு மனிதரின் உழைப்பு அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட கொடையை மறுத்துவிட்டு அதற்குச் சிலுவை என்று பெயர் வைக்கத் தேவையில்லை.

வலியோடு இருப்பவர்களுக்குச் சில சொற்கள்

முதலாவது, சொல்லுங்கள். மருத்துவரிடம் சொல்லும்போதும் “பரவால்லீங்க” வேண்டாம். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை முறை இரவில் எழுகிறீர்கள், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, பெயர் தெரியாத பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். “ஒரே வாரத்தில் வலி போய்விடும்” என்று விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி அடங்கும், எலும்பு உள்ளே கெடும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் எடுத்தால் சிறுநீரகமும் வயிறும் பாதிக்கும்.

மூன்றாவது, ஊன்றுகோலுக்கு வெட்கப்படாதீர்கள். நடக்கும்போது நம் இடுப்பு மூட்டு உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான பாரத்தைத் தாங்குகிறது. கோல் அந்தப் பாரத்தைக் குறைக்கும். பலரும் வலிக்கிற பக்கத்துக் கையில் பிடிக்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது இடுப்பு வலித்தால் இடது கையில் கோல். வீட்டில் உயரமான நாற்காலி, கமோடு, குளியலறைச் சுவரில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு ஆகியவை இருந்தால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம். மருத்துவர் சொல்லித்தரும் தசைப் பயிற்சிகளைத் தினமும் செய்யுங்கள். வலிக்கிறதே என்று அசையாமலேயே கிடந்தால் தசை இளைத்து வலி கூடத்தான் செய்யும்.

நான்காவது, செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். கோவை எலும்பு சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இங்கே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குடும்ப அட்டையோடும் வருமானச் சான்றோடும் விண்ணப்பிக்கலாம். உங்களுக்குத் தேவையான அறுவை சிகிச்சைக்கு அது பொருந்துமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். வெளியே போக முடியாதவர்களுக்காக 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

ஐந்தாவது, திருச்சபை உங்களிடம் முடியாததைக் கேட்பதில்லை. நோயால் வர இயலாதவருக்கு ஞாயிறு திருப்பலிக் கடமை இல்லை. முழந்தாளிட இயலாதவர், எழுந்தேற்றத்தின்போது அருள்பணியாளர் பணிந்து வணங்கும் வேளையில் தாழ்ந்து தலைவணங்கினால் போதும். மருந்து எடுப்பது நற்கருணை நோன்பை முறிக்காது. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஆகவே மாத்திரைக்காக இரண்டு இட்லி சாப்பிட்டதை நினைத்து மனம் கலங்க வேண்டாம்.

கட்டிலைத் தூக்கிய நால்வர்

இனி, வலி இல்லாத நமக்கு. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் தூக்கிக்கொண்டு வந்ததை மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வாசலில் கூட்டம். அவர்கள் “நாளைக்கு வரலாம்” என்று திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது அவர்களுடைய நம்பிக்கையை என்று நற்செய்தியாளர் எழுதுகிறார். படுத்திருந்தவர் ஒரு வார்த்தையும் பேசியதாக அங்கே இல்லை. வலி மிகும்போது செபிக்கவே முடியாமல் போகும். அப்போது அவருக்காக நம்புவது சுற்றியுள்ளவர்களின் வேலை.

நால்வர் என்பதையும் கவனியுங்கள். ஒருவரே தூக்க முடியாது. நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் தூக்குகிறார்: மனைவியோ, மருமகளோ, மூத்த மகளோ. பகலில் வேலை, இரவில் தூக்கமில்லை. அவர்களுடைய இடுப்பும் ஒருநாள் போய்விடும். ஆகவே அன்பியங்களில் நாம் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, நம் பகுதியில் வெளியே வர முடியாமல் இருப்பவர்கள் யார் என்று எழுதுங்கள். அவர்களில் ஒருவரின் வீட்டிலேயே கூட்டத்தை வையுங்கள். எல்லாரும் தரையில் உட்காரும்போது அவர் ஒருவர் மட்டும் நாற்காலியில் உட்காரக் கூசுவார். எனவே நாலைந்து நாற்காலிகளைப் போட்டு, வலி இல்லாதவர்களும் உட்காருங்கள். ஆலயத்தில் ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் எளிதில் எழக்கூடிய ஓர் இடத்தை விட்டுவையுங்கள். படிகளுக்குக் கைப்பிடியும் சாய்தளமும் அமைப்பது நம் காலத்தின் கூரை பிரிப்பு. அடுத்த திருவிழாக் கணக்கில் பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

“ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வருவதோடு நின்றுவிட வேண்டாம்; அவர்கள் சொல்ல மாட்டார்கள். “செவ்வாய்க்கிழமை நான் ரேஷன் கடைக்குப் போறேன், உங்க கார்டையும் குடுங்க” என்று கேளுங்கள். “வியாழக்கிழமை ஸ்கேனுக்கு நான் கூட வர்றேன், மருமகள் வீட்டுல ஓய்வு எடுக்கட்டும்” என்று சொல்லுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் பல பங்குகளில் அமைதியாக இதைச் செய்துவருகிறார்கள். இளையோர் காப்பீட்டு அட்டைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம்.

போகிற இடத்தில் என்ன பேசுவது? யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு நாள்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த நல்லது. வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகு அவரைக் காயப்படுத்தினார்கள். யாருக்கோ எந்த எண்ணெய் கேட்டது, எந்த ஊர் வைத்தியர் நல்லவர், எந்தப் பாவத்தால் வந்தது என்று அடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள். “பரவால்லீங்க” என்று அவர் சொன்னால், “இல்லீங்க, உண்மையாச் சொல்லுங்க, கேக்கத்தான் வந்தோம்” என்று இன்னொரு முறை கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியில்தான் பல நேரங்களில் கதவு திறக்கும்.

எண்ணெயும் கைகளும்

ஒன்றை மட்டும் இன்னும் சொல்ல வேண்டும். நம் முதியவர்கள் பலர் நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தை இன்னும் “அவஸ்தைப்பூசுதல்” என்றுதான் சொல்கிறார்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் கடைசி நேரம் வந்துவிட்டது என்று வீட்டார் பயப்படுகிறார்கள். அது பழைய எண்ணம். இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் தெளிவாக்கியது. பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பு இதைப் பெறலாம். முதுமையில் உடல் மிகவும் தளர்ந்தவர்கள் பெறலாம். நோய் கடுமையாகும்போது மறுபடியும் பெறலாம். ஆகவே இடுப்பு அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டால் பங்குத்தந்தையிடம் வந்து சொல்லுங்கள். மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி இறைவேண்டல் செய்யட்டும் என்று யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரத்தில் கேட்டுக்கொள்கிறது. நோயாளியே ஆளனுப்பி அழைக்கட்டும் என்பதுதான் அங்கே உள்ள சொல். உதவியை அழைப்பதும் நம்பிக்கையின் செயல் என்று இதிலிருந்து நாம் கற்றுக்கொள்கிறோம்.

முதல் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு நற்கருணை வரும்போது அண்டை வீட்டாரும் வந்து சேர்ந்து செபியுங்கள். லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11ஐ 1993ஆம் ஆண்டு முதல் திருச்சபை உலக நோயாளர் நாளாகச் சிறப்பிக்கிறது. அன்று ஒரு நாள் மட்டும் நோயாளிகளை ஆலயத்துக்கு அழைத்து வந்து மாலை போட்டு அனுப்பிவிட்டால் போதாது. பிப்ரவரி 12ஆம் நாள் காலையிலும் அவர்களுக்குக் கட்டிலிலிருந்து எழ ஒரு கை வேண்டும்.

யாக்கோபு விடியும்வரை தனியாகப் போராடினார். ஆனால் விடிந்தபின் தனியாக நடக்கவில்லை. பிள்ளைகளும் குடும்பமும் அவரோடு மெல்ல உடன் நடந்தார்கள். நம் பங்கிலும் மெதுவாக நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வேகமாக நடக்கச் சொல்லாமல் நம் நடையைக் குறைத்துக்கொள்வோம்.

இறைவா, வலியோடு இரவைக் கழிக்கிற எங்கள் சகோதர சகோதரிகளுக்குத் துணிவு தாரும். தங்கள் வலியைச் சொல்ல அவர்களுக்கு வாய் தாரும். அவர்களைத் தாங்குகிற கைகளுக்குப் பலம் தாரும். கேட்கிற காதுகளை எங்கள் எல்லாருக்கும் தாரும். ஆமென்.